மோமோவில் கை நனைத்த ஞாயிற்றுக்கிழமை

ஜெர்மன் மொழியில் நான் எழுதும் நாட்குறிப்பில் எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. வெள்ளைப் பூனை. தினமும் பால் குடிக்கிறது, ஜன்னலில் உட்கார்கிறது, மகிழ்ச்சியாக இருக்கிறது. உண்மையில் எங்கள் வீட்டில் பூனை கிடையாது. எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை வைத்து ஒரு நாளை நிரப்ப வேண்டுமென்றால் பூனை இல்லாமல் முடியவில்லை. அதனால் நிஜமாக நடந்ததைத் தமிழில் தனியாக எழுதி வைக்கிறேன். இதுவும் சரியான முறைதானா என்று தெரியவில்லை.

வகுப்பு பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் நடக்கிறது. பகலில் நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவேன். கீழே பப்ஸ் வேகும் வாசனையோடு மேலே இலக்கணம் படிப்போம். பாடம் நடத்தும் கோகுலகிருஷ்ணன் சார் ஜெர்மனிக்குப் போனதே இல்லை. யாராவது கேட்டால், "கண்டக்டர் விசில் ஊதலாம், பஸ்ஸை ஓட்டணும்னு இருக்கா?" என்பார். நன்றாகச் சொல்லிக் கொடுப்பார், அதில் குறை இல்லை.

சென்ற வாரம் பேச்சுத் தேர்வுக்கு ஒரு தலைப்பு கொடுத்தார். புதிய நாட்டுக்குப் போகிற ஒருவர் உழைப்பால் இன்னமும் முன்னுக்கு வர முடியுமா? சொந்தக் கருத்தும் ஓர் உதாரணமும் வேண்டும். நான் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதே தலைப்பில் எங்கள் வீட்டில் ஆறு மாதமாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மொழி மட்டும்தான் ஜெர்மன் இல்லை.

எங்கள் ஊர் சித்தளி, பெரம்பலூர் அரியலூர் ரோட்டில் இருக்கிறது. அப்பா சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறார். நான் ஜெர்மனிக்கு நர்ஸாகப் போவதா வேண்டாமா என்பது அம்மாவின் கையில் இருந்தது. அப்பாவிடம் கேட்டால், "உங்கம்மாவக் கேளு" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை ஆயப் போய்விடுவார். அம்மாவின் பெயர் மருதாயி. அவளிடம் கேட்டால் வேணுகோபால் மாமாவைக் கைகாட்டுவாள்.

வேணுகோபால் மாமா அம்மாவின் தம்பி. பல வருஷம் குவைத்தில் இருந்தவர். சூப்பர்வைசர் வேலை என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். அங்கே போய் தண்ணீர் பாட்டிலில் லேபிள் ஒட்டினார். திரும்பி வரும்போது புலி படம் போட்ட கம்பளி ஒன்றும், கோட்டு ஒன்றும், ஒரு கருத்தும் கொண்டுவந்தார். பெரம்பலூர் வெயிலில் கம்பளியையும் கோட்டையும் யாரும் தொடவில்லை. கருத்தை மட்டும் மாமா தினமும் எடுத்து உதறினார்.

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா. லப்பைக்குடிக்காட்டுல பெரிய பெரிய வூடா நிக்குதே, அதெல்லாம் அப்பப் போனவங்க கட்டுனது. இப்பப் போறவன் எல்லாம் என்ன மாதிரி லேபிள் ஒட்ட வேண்டியதுதான்."

"ஜெர்மனில லேபிள் ஒட்ட நர்ஸைக் கூப்பிட மாட்டாங்க மாமா" என்றேன்.

"என்னையும் லேபிள் ஒட்டன்னு சொல்லிக் கூப்பிடல பாப்பா."

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

எங்கள் ஜெர்மன் வகுப்பில் படித்து முன்பே ஜெர்மனிக்குப் போன அனிதாவை வீடியோவில் கூப்பிட்டு அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அனிதா நல்ல சம்பளம், நல்ல வீடு என்று சொல்லிக்கொண்டே போனாள். கெட்ட நேரம், பேசிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

"ஏண்டி, அம்மாந்தூரம் போயும் பாத்திரந்தான் கழுவுறியா?" என்று அம்மா கேட்டாள். அனிதாவின் முகத்தில் சோப்பு நுரை தெறித்தது. பேச்சு அங்கேயே முடிந்தது.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா ஒரு தீர்ப்பு சொன்னாள். "போன்ல காட்டுறதெல்லாம் வேணாம். வேற நாட்டுக்குக் கையை வீசிக்கிட்டுப் போயி, சொந்தபந்தம் யாரும் இல்லாம, ஒழைச்சே முன்னுக்கு வந்த ஒரே ஒரு ஆள, என் ரெண்டு கண்ணால பாக்கணும். காட்டிட்டா நீ தாராளமா போயிட்டு வா. இல்லாட்டி பேச்சை வுடு."

"அப்படிப்பட்ட ஆளு வெளிநாட்டுலதானே இருப்பான்? நீங்க அங்க போயி பாக்கணும்."

"அது உன் பாடு."

இரண்டு நாள் யோசித்தேன். வெளிநாட்டுக்குப் போனவர்களையே ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தி வந்தது. போனவர்களை ஏன் தேட வேண்டும்? வந்தவர் ஒருவர் இருக்கிறாரே!

தீபக் தாமாங் நேபாளத்திலிருந்து வந்தவர். அரியலூரில் மோமோ கடை வைத்திருக்கிறார். முன்பு நான் அரியலூரில் வேலை பார்த்தபோது சாயங்காலத்தில் அங்கேதான் சாப்பிடுவேன். தள்ளுவண்டியாக இருந்தது கடையாகி, ஒரு கடை இரண்டு கடையாகிவிட்டது. போர்டில் மேலே எங்கள் பக்கத்துப் பெருமாள் பெயரில் 'ஸ்ரீ கலியுக வரதர் துணை' என்றும், கீழே 'காத்மாண்டு மோமோஸ்' என்றும் எழுதியிருக்கும். எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயத் தாளைக் கிள்ளுவதை நிறுத்தினாள்.

"நேப்பாளம் வேற நாடா?"

"வேற நாடுதான்."

"பாஸ்போர்ட் கேட்பானா?"

"அதுக்குத் தேவையில்ல. ஆனா வேற நாடுதான். வேற பாஷை, வேற பணம்."

மாமா உடனே குறுக்கே வந்தார். "கடையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. வாசல்ல லைட்டு எரியும். வூட்டுல அடுப்பு எரியாது."

அம்மாவுக்கு அது பிடித்துப் போயிற்று. அம்மா எங்கள் சொந்தத்தில் பல பெண்களுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்துக் கொடுத்தவள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நேராக அடுப்படிக்குப் போவாள். எண்ணெய்த் தூக்கைத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடிப்பாள். அதிலேயே அந்த வீட்டின் நிலவரம் அவளுக்குத் தெரிந்துவிடும். "அவன் வூட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

தீபக் அண்ணனுக்குப் போன் செய்தேன். எதையும் மறைக்காமல் விளக்கினேன். நான் ஜெர்மனிக்குப் போவது, அம்மாவின் நிபந்தனை, வகுப்பின் தலைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. மோமோ செஞ்சு வைக்கிறேன். நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்துடுவேன், கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா கீழ் வூட்டு அப்பா இருப்பாரு" என்றார். இதில் நான் ஒரு தவறும் செய்யவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். தவறு அதற்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டிலிருந்து கிளம்பும்போது நடந்தது.

முதலில் ஆள் கணக்கு. அம்மா, மாமா, நான் என்று மூன்று பேர். "மூணு பேரா போனா காரியம் ஆவாது" என்று அம்மா பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி சித்தியையும் கிளப்பினாள். சித்தி அப்பாவின் தம்பி மனைவி. எங்கே போகிறோம் என்று கேட்கும் முன்பே புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்து, வெறுங்கை. முன்பின் போகாத வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? அம்மா ஒரு தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டாள்.

கடைசியாக என் உடை. நான் சுடிதாரில் நின்றேன். "முதமுதலா ஒரு வூட்டுக்குப் போறப்ப இப்படியா வருவ?" என்று அம்மா தன் மாம்பழ நிறப் பட்டுப் புடவையைக் கொடுத்தாள். சித்தி என் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்தாள். யமகண்டத்துக்கு முன் போய்விட வேண்டும் என்று மாமா அவசரப்படுத்தினார்.

பெண்களுக்கான இலவச பஸ் வரும்வரை நின்றோம். மாமா மட்டும் டிக்கெட் எடுத்தார். எங்களைப் பார்த்த கண்டக்டர் "நல்ல காரியமா?" என்று கேட்டார். "ஆமா தம்பி, நல்ல காரியந்தான்" என்று அம்மா சொன்னாள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு சந்தேகம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அதைப் பொருட்படுத்தவில்லை.

தீபக் அண்ணன் செந்துறை ரோட்டில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறார். கீழே வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு, அவர் மனைவி ரத்தினம்மாள். அய்யாக்கண்ணு முன்பு சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். குரல் இன்னும் லாரிக்குள் இருந்து பேசுவது போலவே இருக்கும். கேட்டைத் திறந்தவர் தாம்பாளத்தைப் பார்த்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார். மல்லிகைப்பூவைப் பார்த்தார்.

"தீபக் தம்பியப் பாக்க வந்தோம்ங்க. சித்தளியிலேருந்து வரோம்" என்றாள் அம்மா.

அவர் உடனே உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "ரத்தினம், வந்து பாரு! யாரு வந்திருக்காங்கன்னு பாரு!"

ரத்தினம்மாளும் தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். "பையன் ஒரு வார்த்தை சொல்லலியே. அழுத்தக்காரன்" என்றாள்.

எங்களை மாடிக்குக் கூட்டிப் போனார்கள். தீபக் அண்ணன் மார்க்கெட்டிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா நேராக அடுப்படிக்குள் நுழைந்தாள். ரத்தினம்மாள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்பார்த்தவள் போலத் தானே ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள்.

"ஃபிரிட்ஜு பெரிசு. வாஷிங் மிஷின் போன தீபாவளிக்கு வாங்குனது. எல்லாம் அவன் ஒழைப்புதான். யார் கையையும் எதிர்பாக்க மாட்டான்."

அம்மா எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, விசாரணையைத் தொடங்கினாள்.

"தம்பிக்குக் கெட்ட பழக்கம் எதாச்சும்?"

"டீயிலயே சக்கரை பாதிதான் போட்டுக்குவான்" என்றார் அய்யாக்கண்ணு.

"வந்தப்ப எப்படி வந்தாரு?"

"ஒரு பை. ஒரு இட்லிக் குண்டான் மாதிரி அடுக்குப் பாத்திரம். அவ்வளவுதான். வேற ஒருத்தன் கடையில மாவு பெசைஞ்சான். எம்மா, அவன் பெசைஞ்ச மாவுல இந்த அரியலூர ஒரு தடவ சுத்தி ரோடு போடலாம்."

"இப்ப?"

"ரெண்டு கடை. ஜெயங்கொண்டத்துல மூணாவதுக்கு எடம் பாத்துட்டான்."

அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். அவர் விட்டுக்கொடுப்பவர் இல்லை. "குலதெய்வம் எது?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. கேட்டுப் பழகிய கேள்வி, தானாக வந்திருக்கும்.

"அங்க என்னமோ இருக்கு. இங்க கலியுக வரதரு. வருஷா வருஷம் தேருக்கு வடம் புடிக்கிறான். போன வருஷம் உன்ன நான் அங்க பாக்கலியே?" என்றார் அய்யாக்கண்ணு.

மாமா மறுபடியும் ஃபேனைப் பார்த்தார்.

என் மனதில் பேச்சுத் தேர்வுக்கான வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தீபக் அண்ணன் சிறந்த உதாரணம் ஆகிவிட்டார். எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று நினைத்தேன். ரத்தினம்மாள் என் கையைப் பிடித்துப் பார்த்து, "கையைப் பாத்தா வேலை செய்யிற கையாத்தான் இருக்கு" என்றபோதுகூட, நர்ஸ் என்பதால் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் மோமோ வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற பெண் வீட்டார், சம்பந்தம் பிடித்திருக்கிறது என்று முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். சாப்பிட்டுவிட்டால், கை நனைத்தாயிற்று என்பார்கள். எங்களுக்குச் சம்மதம் என்று வாயால் சொல்லாமல் சொல்வது அது. அம்மாவுக்கு இது தெரியாதா? அவள் எத்தனை வீடுகளில் காபியைக் கூடத் தொடாமல் எழுந்து வந்தவள்! ஆனால் அன்று அவள் மாப்பிள்ளை பார்க்க வரவில்லை. ஆதாரம் பார்க்க வந்தாள். தவிர, காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தாள்.

தீபக் அண்ணன் மடித்து வைத்துவிட்டுப் போன மோமோவை வேகவைத்து, ரத்தினம்மாள் ஆவி பறக்கும் தட்டைக் கொண்டுவந்து, "சும்மா வச்சிக்கங்க, முடிவு பண்ணிட்டு எடுத்துக்குங்க" என்று நாசூக்காகச் சொன்னாள். பாப்பாத்தி சித்தி அதற்குள் ஒன்றை வாயில் போட்டுவிட்டாள்.

"அக்கா, கொழுக்கட்டைக்குள்ள முட்டைக்கோஸு வச்சிருக்காங்க! வெல்லம் மறந்துட்டாங்க போல. ஆனா நல்லா இருக்கு."

அம்மாவும் ஒன்று எடுத்தாள். சட்னி காரமாக இருந்தது, அவளுக்குப் பிடித்த காரம். இன்னொன்று எடுத்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

ரத்தினம்மாள் மாடிப்படி ஓரமாகப் போய்ப் பக்கத்து வீட்டை நோக்கி, "ஏ தேவயானி! கை நனைச்சுட்டாங்க!" என்று கூவினாள்.

என் வாயில் இருந்த மோமோ அப்படியே நின்றது. தாம்பாளம், பட்டு, பூ, நான்கு பேர், யமகண்டம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக என் மனதில் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவள் நான். இவ்வளவு முறையாக ஒரு சம்பந்தம் பேச வந்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியவில்லை.

"அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அம்மா சட்னியில் இருந்தாள்.

அய்யாக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். "பாருங்க தங்கச்சி, பையனுக்கு அப்பா அம்மா ரொம்ப தூரத்துல இருக்காங்க. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். இங்க அவனுக்கு எல்லாம் நாங்கதான். நீங்க நல்ல குடும்பமாத்தான் தெரியுது. பொண்ணும் லட்சணமா இருக்கு. என்ன வேலை பாக்குது?"

"நர்ஸுங்க. ஜெர்மனி போறதுக்குப் படிக்கிது" என்றாள் அம்மா, இன்னும் எதுவும் புரியாமல்.

அய்யாக்கண்ணுவும் ரத்தினம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

"அப்ப சரிப்படாதுங்க. மன்னிச்சுக்குங்க. எங்க பையனை வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புறதா இல்ல."

"எந்தப் பையனை?"

"தீபக்கத்தான். அவன் அரியலூர வுட்டு எங்கயும் வர மாட்டான். கண்காணாத ஊருல போயி அவன் எதுக்கு கஷ்டப்படணும்? இங்க அவனுக்கு என்ன கொறச்சல்? வேற நல்ல எடமா பாத்துக்குங்க."

அம்மா கையிலிருந்த மோமோவைத் தட்டில் வைத்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. 'நாங்க அதுக்கு வரலைங்க' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நானே சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

"என் பொண்ணுக்கு என்னங்க கொறச்சல்?" என்றாள்.

"கொறச்சல்னு யாரு சொன்னா?"

"பின்ன வேணாங்கிறீங்க? ஆஸ்பத்திரியில டாக்டரே இவளக் கேட்டுத்தான் ஊசி போடுவாரு!"

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"நீ சும்மா இருடி. ஏங்க, சித்தளிக்கு வந்து விசாரிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லுவாங்களா?"

"நல்ல பொண்ணுதான். ஆனா தூரமா போற பொண்ணு. அவன் கடைய யாரு பாக்குறது?" என்றாள் ரத்தினம்மாள்.

"கடைய ஜெர்மனில வச்சுக்கிட்டாப் போவுது!"

"நல்லா இருக்கே கதை! நாங்க இவனப் பாக்காம இருக்கறதா?"

மாமா என் காதில், "பாப்பா, இப்ப நாம அந்தப் பையனைக் கேக்குறமா, கேக்கலியா?" என்று கிசுகிசுத்தார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. பாப்பாத்தி சித்தி மட்டும் கவலையில்லாமல் அம்மா வைத்த மோமோவையும் எடுத்துச் சாப்பிட்டாள்.

அந்த நேரம் தீபக் அண்ணன் தோளில் முட்டைக்கோஸ் மூட்டையோடு மாடி ஏறி வந்தார். வியர்த்திருந்தார். எங்களைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "வாங்கம்மா, சாப்டீங்களா?" என்றார்.

நான் பதற்றத்தில் எழுந்து நின்று, "வாங்கண்ணே" என்றேன்.

ரத்தினம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "கட்டிக்கப் போறவனைப் போயி அண்ணேங்கிறியேடி!"

மூட்டை கீழே விழுந்தது. கோஸ்கள் படியில் உருண்டு போயின. நானும் அவரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினோம். நான் ஜெர்மன் வகுப்பிலிருந்து தொடங்கினேன், அது நீளமாகிவிட்டது. அவர் சுருக்கமாக, "அப்பா, இவங்க நான் எப்படிப் பொழைக்கிறேன்னு பாக்க வந்தாங்க. அவ்ளோதான்" என்றார்.

அய்யாக்கண்ணு தாம்பாளத்தைக் காட்டினார். "பின்ன இது?"

"வெறுங்கையோட வரக்கூடாதுன்னு" என்றேன்.

அவர் லாரி சத்தத்தில் சிரித்தார். ரத்தினம்மாளும் சிரித்தாள், சித்தியும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வந்த வேலை இருக்கிறதே என்று நான் என் கேள்வியைக் கேட்டேன். "அண்ணே, வேற நாட்டுக்கு வந்து ஒழைச்சா இன்னும் முன்னுக்கு வர முடியுமா?"

தீபக் அண்ணன் உருண்ட கோஸ்களைப் பொறுக்கியபடியே யோசித்தார். "முடியும்னு சொன்னா என்னப் பாத்து நம்புவீங்க. ஆனா என்கூட ஒருத்தன் வந்தான். எங்க ஊருதான். என்னவிட நல்லா மோமோ மடிப்பான், என்னவிட சீக்கிரம் எந்திரிப்பான். வேற ஒரு ஊருல தள்ளுவண்டி போட்டான். ரோடு அகலம் பண்ணாங்க, வண்டி போச்சு. வாடகைக்கு வூடும் கெடைக்கல. திரும்பிப் போயிட்டான். அவன் ஒழைக்கலன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படி?"

"எனக்கு வண்டி போனப்ப, அப்பா வாசல்ல கடை போட்டுக்கன்னாரு. முதல் வருஷம் எல்லாரும் 'எப்ப ஊருக்குப் போவ'ன்னு கேட்டாங்க. இப்ப ஒரு நாள் கடை தொறக்கலைன்னா 'எங்கடா போன'ன்னு திட்டுறாங்க. திட்டுற அளவுக்கு வந்துட்டேங்க."

இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று அங்கேயே கவலைப்பட ஆரம்பித்தேன். முடியும் என்பதா, முடியாது என்பதா? இரண்டுக்கும் மதிப்பெண் கொடுப்பார்களா?

திரும்பும்போது இலவச பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்மா ஜன்னலோரம் வெறும் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நண்பன் திரும்பிப் போன கதையை நான் கேட்காமல் இருந்திருக்கலாம். மாமாவுக்கு அது போதும். அவர் தொடங்கியும் விட்டார். "பாத்தியாக்கா, ஒருத்தன் நிக்கிறான், ஒருத்தன் ஓடிட்டான். சீட்டு குலுக்குற மாதிரிதான்."

அம்மா அவரைப் பார்க்காமல் சொன்னாள். "டேய் வேணு, குவைத்துல உன்ன யாராச்சும் எங்க பையன்னு சொன்னாங்களா?"

மாமா யோசித்தார். "நம்பர் சொல்லிக் கூப்புடுவாங்க."

"எந்த ஊருன்னே தெரியாம வந்த பய. அவனுக்காக ஒருத்தர் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நின்னு, என் பொண்ண வேணாம்னு சொல்றாரு. என் பொண்ண!" கடைசிச் சொல்லில் மட்டும் அம்மாவின் குரல் உயர்ந்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படித் திரும்பியவர்களில் எங்கள் ஊர் அனுசுயா அக்காவும் ஒருத்தி. என் பெயரும் அனுசுயா என்பதால் என்னிடம் அவளுக்குத் தனிப் பாசம் உண்டு. ஊரில் தண்ணீர் வருவதற்கு முன் சேதி வருவது அவள் வழியாகத்தான். அவள் கண்கள் என் பட்டுப்புடவைக்கு வந்து, தாம்பாளத்துக்குப் போய், அம்மாவின் முகத்தில் நின்றன.

"என்ன பெரியம்மா, எங்க போயிட்டு வரீங்க?"

அம்மா ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்குள் என்னென்ன கணக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது.

"அரியலூர்ல ஒரு எடம் வந்துச்சு. மாடி வூடு. ரெண்டு கடை, மூணாவது தொறக்கப் போறாங்க. எண்ணெய் டின்னத் தூக்க முடியல, அம்மாம் பெரிய எடம்."

"அப்புறம் என்ன, முடிச்சுட வேண்டியதுதானே?"

"நாங்க வேணாம்னுட்டோம்."

சித்தி இருமினாள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மா கையை உதறினாள்.

"ஏன் பெரியம்மா?"

"பொண்ணு ஜெர்மனி போவுதுல்ல? அவங்க பையனை அனுப்ப மாட்டாங்களாம். அதுக்காக எம் பொண்ணு போவாம இருக்க முடியுமா?"

"ஜெர்மனியா! எப்ப?"

"பரீட்சை முடிஞ்சதும்."

அனுசுயா அக்கா அதைப் பின்சீட்டுக்குச் சொன்னாள். பின்சீட்டு அதற்கும் பின்னால் சொன்னது. இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் கண்டக்டர் வந்து, "ஜெர்மனில குளிருமாமே?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். சித்தளியில் நாங்கள் இறங்கியபோது, எங்களுக்கு முன்னால் இறங்கிய ஒருவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா முணுமுணுத்தார். "அக்கா, இனிமே இவ போகலைன்னா ஊருல என்ன சொல்லுவாங்க?"

"அதான் போறாளே" என்றாள் அம்மா.

ஆறு மாதமாக நான் காத்திருந்த பதில் இப்படி வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ, தீபக் அண்ணனின் நண்பரைப் பற்றி நினைத்துக்கொண்டு நடந்தேன். நன்றாக மடித்தவர், சீக்கிரம் எழுந்தவர். நான் சீக்கிரம் எழுவேன். நன்றாக மடிப்பேனா என்று தெரியாது. எனக்கும் அங்கே வாசல் கொடுக்க யாராவது இருப்பார்களா, என்னைத் தங்கள் பெண்ணாக நினைத்து யாராவது ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்வார்களா?

"ம்மா, பரீட்சையில நான் பெயிலாயிட்டா?" என்று கேட்டேன்.

அம்மா நின்றாள். தாம்பாளத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "பெயிலானா அரியலூருக்கே கட்டிக் குடுத்துடுவேன்."

"அவங்கதான் நம்மள வேணாம்னுட்டாங்களே!"

"மெல்லப் பேசுடி" என்றாள் அம்மா. "அது நமக்கு மட்டுந்தான் தெரியும்."